இரண்டு இடக் கைகள்

உங்களுக்கு யோசிக்க நேரம் இருக்கிறதா? உடனே தலையாட்டிவிடாதீர்கள். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் சட்டைக்குக் கை வைத்துத் தைக்கும் ஒருத்திக்கு அது இல்லை. அவளுடைய வேகத்தைப் பார்த்து அங்கே எல்லோரும் வைத்த பெயர் எக்ஸ்பிரஸ்.

அவளைச் சூப்பர்வைசர் ஆக்குவதாக மேனேஜர் நேற்றுச் சொன்னார். இன்று மாலைக்குள் பதில் வேண்டும். சம்பளம் கூடும், முதுகு பிழைக்கும். ஆனால் கழிப்பறைக்குப் போனவள் கொஞ்சம் தாமதித்தால் கதவைத் தட்டி விரட்டுவதும் சூப்பர்வைசர் வேலைதான். அந்தத் தட்டலுக்குப் பயந்தே இவளுக்கு உள்ளே போனதும் அடிவயிறு இறுகிவிடும்.

காலையில் வீட்டில் பேச்செடுத்தாள். “பழம் நழுவிப் பால்ல விழுது, இதுல யோசிக்க என்ன இருக்கு? சரின்னு சொல்லிட்டு வா” என்றான் கணவன். மகள் டப்பா மூடியைத் தேடினாள். குக்கர் கத்தியது.

“என்னம்மா, கல்லு மாதிரி நிக்கிற?” என்றாள் மாமியார். நின்றது ஒரு நொடி. அதுவும் குற்றம்.

பஸ்ஸில் மூச்சுவிட இடமில்லை. யோசிக்கவே கூடாது என்று கட்டியதுபோன்ற தையல் கூடத்தில் உட்கார்ந்து, அவள் யோசித்துத் தொலைத்தாள். ஒரு கட்டுச் சட்டை முழுக்க, இரண்டு பக்கமும் இடக் கையையே தைத்துத் தள்ளிவிட்டாள்.

பக்கத்து மெஷின்காரி எடுத்துப் பார்த்தாள். “என்னக்கா, இடது கைக்காரங்க ஆர்டரா?”

“வாய மூடிட்டுத் தைடி. தலை சுத்துது.”

“எக்ஸ்பிரஸ் தடம் புரண்டா சுத்தத்தான் செய்யும்.”

தண்டனையாக மூலையில் உட்கார்ந்து தையலைப் பிரிக்கச் சொன்னார்கள். அவசரப்பட்டால் துணி கிழியும். அதனால் அங்கே அவளை யாரும் விரட்டவில்லை. நூல் மெதுவாக அறுந்துகொண்டு வந்தது. பல வருஷத்தில் முதல் தடவையாக ஒரு நினைப்பைக் கடைசிவரை நினைத்தாள்.

மாலையில் மேனேஜர் முன்னால் போய் நின்றாள். “வர்றேன் சார். ஆனா பாத்ரூம் கதவத் தட்ட மாட்டேன்.”

“அதுக்குத்தானேம்மா ஆளே போடுறோம்.”

“அப்ப வேற ஆளப் பாத்துக்குங்க.”

“வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வா.”

“கேட்டாச்சு சார். யோசிச்சும் ஆச்சு.”

வீட்டுக்குப் பஸ் ஏறினாள். கணவனிடம் என்ன சொல்வது என்று இன்னும் தெரியவில்லை.

தப்புச் செய்து மாட்டினால்தான் ஒருத்திக்கு யோசிக்க நேரம் கிடைக்கும் என்றால், அந்தத் தப்பு அவளுடையதல்ல. உங்கள் வீட்டிலும் இன்று யாரோ ஒருவர் ஒரு முடிவெடுக்க வேண்டியிருக்கும். அவர் கையில் இருக்கும் வேலையை வாங்கிக்கொள்ளுங்கள். புத்தி சொல்லாமல், சற்று நேரம் அவரைத் தனியே விடுங்கள்.