பொட்டு வைத்த ஹனுக்கா விளக்கு

எங்கள் அக்கா மறைந்த முப்பத்தோராம் நாளாகிய இன்று இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களையும் நண்பர்களையும் வணங்கித் தொடங்குகிறேன். அமைதியாக எழுதவேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. அக்காவைப் பற்றி எதையும் எழுது, ஹனுக்காவை மட்டும் எழுதாதே என்று எனக்குச் சொல்லப்பட்டது. ஆகவே அதைத்தான் எழுதப்போகிறேன்.

அக்கா மானிப்பாயில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அப்பா வேளைக்கே காலமாகிவிட்டதால் தையல் மெஷினில் உட்கார்ந்து என்னைப் படிப்பித்தவர் அவர். எண்பதுகளில் தனியாளாக மொன்றியலுக்கு வந்து, லாசாலில் ஓர் அறையில் இருந்துகொண்டு உடுப்புத் தொழிற்சாலையில் வேலை செய்தார். அங்கே துணி வெட்டும் பகுதியில் இருந்த அத்தானை விரும்பித் திருமணம் செய்தார். அத்தான் யூதர். எங்கள் பக்கத்திலிருந்து ஒரு வாழ்த்தும் வரவில்லை. ஆனால் இருவரும் பியர்பொன்ட்ஸில் வீடு வாங்கி என்னையும் அழைத்துக்கொண்டதும், வாழ்த்தாத அதே ஆட்கள் ஒருவர்பின் ஒருவராக விமான நிலையத்திலிருந்து நேரே அந்த வீட்டு பேஸ்மென்டுக்கு வந்து இறங்கினார்கள். அம்மாவின் தம்பியான எங்கள் மாமாவின் குடும்பம் இரண்டு பனிக்காலம் அங்கேயே இருந்தது.

அக்கா மதம் மாறிவிட்டார் என்று கதைத்தவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வெள்ளிக்கிழமை விரதத்தை அவர் ஒருநாளும் விட்டதில்லை. கார்த்திகை விளக்கீட்டுக்கு வாசற்படியில் பனியைத் தள்ளிவிட்டுச் சிட்டி விளக்கு வைத்தவர் அவர். அதற்குப் பிறகு மார்கழியில் அத்தானின் ஹனுக்கா வரும். அந்நியர் தீட்டுப்படுத்திய கோவிலை யூதர்கள் மீட்டபோது ஒரு நாளுக்குப் போதுமான எண்ணெய் எட்டு நாள் எரிந்ததாம். அந்த நினைவில் எட்டு நாளும், நாளுக்கொரு மெழுகுதிரி கூட்டி, வீட்டு சன்னலில் வைப்பார்கள். எண்ணெயில் பொரித்த பலகாரம் செய்வார்கள். அக்கா உருளைக்கிழங்கைத் துருவிப் பச்சைமிளகாயும் பெருஞ்சீரகமும் போட்டுத் தட்டிப் பொரிப்பார். அத்தான் கண்ணில் நீர் வடிய வடியச் சாப்பிடுவார். மகள் மீரா பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சில் பாட்டுப் படிப்பாள். பேஸ்மென்டுக்கும் ஒரு தட்டு போகும். அந்தத் தட்டு ஒருநாளும் மிச்சத்தோடு திரும்பி வந்ததில்லை. மெழுகுதிரிதான் அவர்களுக்கு ஆகாது.

அத்தானின் தாயாரும் லேசுப்பட்டவர் அல்லர். அவரும் திருமணத்துக்கு வரவில்லை. பிறகொரு ஹனுக்காவுக்கு, போலந்திலிருந்து காப்பாற்றிக் கொண்டுவந்த குடும்ப விளக்கை மகனிடம் கொடுக்க வந்தார். அக்கா என்ன செய்தார் தெரியுமா? அதைப் புளி போட்டு மினுக்கி, மெழுகுதிரி தாங்கும் ஒவ்வொரு தண்டுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டார். அந்த அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இது என்ன என்று கேட்டார். விளக்கை எங்கள் வீட்டில் வெறுமையாக விடமாட்டோம் என்றார் அக்கா. அடுத்த வருடம் வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதே அந்த அம்மா கேட்ட முதற் கேள்வி, "பொட்டு வைத்தாயிற்றா?" என்பதுதான். பிற மனிதருக்கு ஒரு வருடத்தில் விளங்கியது, எங்கள் ஆட்களுக்குப் பத்து வருடமாக விளங்கவில்லை.

மாமாவின் மகள் வதனியைப் பெண் பார்க்க லாசாலிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தது ஒரு ஹனுக்கா நாளில். அன்று காலை மாமா மேலே ஏறி வந்தார்.

"பிள்ளை, உந்தச் சாமானை இண்டைக்கு மட்டும் அலுமாரிக்கை வையன். வாற சனம் என்ன நினைக்கும்?"

"மாமா, அதைச் சன்னலிலை வைக்கிறதே ஆக்கள் காணத்தான்" என்றார் அக்கா.

விளக்கு சன்னலில்தான் இருந்தது. மாலையில் மாப்பிள்ளையின் தாயார் உள்ளே வந்ததும் பொட்டோடு எரிந்த விளக்கைப் பார்த்துக் கைகூப்பினார். "என்ன, விளக்கீடு இன்னும் முடியேல்லையோ?" என்று கேட்டார். மாமா கூசாமல், "ஓமோம், எங்கடை வீட்டிலை கொஞ்சநாள் கூட வைக்கிறனாங்கள்" என்றார். அந்நேரம் அத்தான் தேநீர்த் தட்டுடன் வந்தார். இவர் யார் என்று அந்த அம்மா கேட்டார். "வீட்டின்ரை சொந்தக்காரர். மேலை இருக்கிறார்" என்றார் மாமா.

அத்தானுக்குத் தமிழ் நன்றாக விளங்கும். எல்லோருக்கும் தேநீர் கொடுத்துவிட்டு மாடிக்குப் போனார். வதனியின் வாழ்க்கை கெட்டுவிடக்கூடாது என்று அக்கா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். அவர்கள் போனபிறகு குசினிக்குள் நின்று, "என்ரை மனிசனை என்ரை வீட்டிலையே இல்லாத ஆளாக்கிப் போட்டினம்" என்று அழுதார். இன்றும் அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு எரிகிறது.

வருத்தம் வந்து அக்கா படுத்த படுக்கையான மாதங்களில் அவரைக் குளிக்கவார்த்ததும், தலை சீவி விட்டதும், வெள்ளிக்கிழமை சாமிவிளக்கு ஏற்றியதும் அத்தான்தான். ஆண்பிள்ளை இல்லாத அக்காவுக்குக் கொள்ளிவைக்க அவர் முன்வந்தபோது, "உவர் எங்கடை ஆளில்லை, தள்ளி நிக்கட்டும்" என்று மாமா தடுத்தார். மாமாவின் மகன் கொள்ளிவைத்தான். அத்தான் சுவரோரம் நின்றார்.

இந்த வாரம் ஹனுக்கா. சாவுத் துடக்கு வீட்டில் கொண்டாட்டம் என்ன வேண்டிக்கிடக்கிறது என்று மாமாவிடமிருந்து மறுபடியும் கட்டளை வந்தது. தங்கள் முறையில் துக்க வீட்டிலும் விளக்கு வைப்பதுண்டு என்று அத்தான் சொன்னார். சொல்லிவிட்டு, "மாமாவுக்கு மனம் நோகுமெண்டால் வேண்டாம்" என்றார். யாருடைய மனம் நோகிறதென்று யார் கவலைப்படுகிறார்!

போன ஞாயிறு வதனியும் அவளுடைய மாமியாரும் துக்கம் கேட்க வந்தார்கள். பெண் பார்க்க வந்த அதே அம்மாதான். சன்னல் வெறுமையாக இருப்பதைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்:

"எங்கை பிள்ளை அந்த விளக்கு? விளக்கீட்டுக்கு ஆர் மெழுகுதிரி வைக்கிறது? எனக்கு அண்டைக்கே தெரியும். தேத்தண்ணி தந்தவர் ஆரெண்டும் தெரியும். நீங்களாச் சொல்லுவியள் எண்டு இருந்தனான்."

எல்லாம் தெரிந்துதான் பெண் எடுத்திருக்கிறார்கள். அப்படியென்றால் யாருக்குப் பயந்து இந்த மனிதரை ஒளித்தோம்? அந்த அம்மா குசினிக்குப் போய்க்கொண்டே அத்தானிடம், "தம்பி, அண்டைக்கு நீங்கள் தந்தனீங்கள். இண்டைக்கு நான் தேத்தண்ணி போட்டுத் தாறன், இருங்கோ" என்றார். அக்கா போனபிறகு அத்தான் வாய்விட்டு அழுததை அன்றுதான் கண்டேன்.

அக்காவைக் கடைசிவரை பார்த்த மருத்துவருக்கும் தாதியருக்கும், கேளாமலே எங்கள் வாசலில் பனி அள்ளிய பக்கத்து வீட்டுப் பிரெஞ்சுக்காரருக்கும், சமைத்துக் கொண்டுவந்து தந்த தோழிகளுக்கும், வதனிக்கும் அவளுடைய மாமியாருக்கும் எங்கள் நன்றி. எல்லோருக்கும் மேலாக எங்கள் அத்தானுக்கு நன்றி. அவர் இந்த வீட்டின் சொந்தக்காரர் மட்டுமல்லர். அக்காவின் கணவர்.

இன்று மாலை மீரா பொட்டு வைப்பாள், அத்தான் ஏற்றுவார். வர விரும்புகிறவர்கள் வாருங்கள், கிழங்குப் பலகாரம் பொரிக்கிறேன். உள்ளே வர மனமில்லாதவர்கள் தெருவில் நின்று பாருங்கள். அதைச் சன்னலில் வைப்பதே நீங்கள் காணத்தான்.