ஒரு விரல் இடம்

எங்கள் அக்காவுக்குத் தெருவில் வைத்த பெயர் தாராளம். வீட்டின் முன்னறைதான் அவள் தையல் கடை. பள்ளிச் சீருடைதான் பாதி வேலை. பிள்ளைக்கு அளவெடுத்து எழுதும்போதே எல்லாப் பக்கமும் இரண்டு இஞ்சு கூட்டிவிடுவாள். "வளர்ற பிள்ளைம்மா, அடுத்த வருஷமும் போடட்டும்" என்பாள். பள்ளி திறக்கும் நாளில் எங்கள் கடைப் பிள்ளைகளைத் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடலாம்; சட்டை முன்னால் போகும், பிள்ளை பின்னால் வரும். இருபத்தாறு வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்து காஜா எடுத்து பட்டன் வைப்பவள் தங்கையாகிய நான். அவளைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு. திட்டவும் உண்டு.

ஒன்றரை வருஷம் முன்பு அக்கா மகனுக்குக் கல்யாணம் ஆனது. மருமகள் நல்ல பெண்தான். ஆனால் பேச்சு? "சரிங்க அத்தை", "வேண்டாங்க அத்தை", அவ்வளவுதான். அக்கா எள் என்றால் எண்ணெயாக நிற்பவள். இவளோ எள் என்றே சொல்ல மாட்டாள். இந்தப் பெண் தன்னிடம் வாய்விட்டு ஏதாவது ஒன்று கேட்க மாட்டாளா என்று அக்கா உண்மையாகவே ஏங்கினாள்.

கல்யாணமாகி வந்தபோது மருமகள் மடியில் வைத்துக் கொண்டுவந்தது ஒரே ஒரு பொருள், சின்ன மண்தொட்டியில் ஒரு ஜேட் செடி. ஒரு சாண் உயரம், தடித் தடியாக இலை. வேலைக்குப் போய் விடுதியில் தனியாக இருந்த நாளிலிருந்து ஏழு வருஷமாக அவளோடு இருக்கிறது. அலுவலகத்தில் மூன்று வாரப் பயிற்சிக்கு வெளியூர் அனுப்பினார்கள். கிளம்பும்போது பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "அத்தை, செடியைக் கொஞ்சம் பார்த்துக்கறீங்களா? பத்து நாளைக்கு ஒரு தடவை தண்ணி விட்டா போதும்" என்றாள். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாளே தொட்டியைத் தூக்கிப் பார்த்தாள். அடி ஓட்டை வழியாக வேர் வெளியே வந்திருந்தது. தண்ணீர் விட்டால் உள்ளே இறங்காமல் மேலேயே நின்றது.

"பாவம்டி, இதுக்கு இடுப்புல பிடிக்குது" என்றாள் என்னிடம்.

வாளி அளவுக்கு ஒரு தொட்டி வாங்கிவந்தாள். நல்ல கறுப்பு மண், கை நிறைய எரு. அதன் நடுவில் செடியை வைத்து, காலையும் மாலையும் தண்ணீர் விட்டாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். எதற்கெடுத்தாலும் வாயைத் திறக்கிறவள், அன்றைக்கு மட்டும் சும்மா இருந்து தொலைத்தேன்.

பத்தாம் நாள் இலைகள் மஞ்சளாகி, தொட்டால் உதிர்ந்தன. தண்டின் அடியை அமுக்கினால் விரல் உள்ளே போனது. அக்கா கடையைச் சாத்தினாள். இரண்டு பேரும் தொட்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நர்சரிக்குப் போனோம்.

நர்சரிக்காரர் தொட்டியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "இவ்வளவு சின்னச் செடிக்கு மொட்டை மாடியே எழுதி வச்சுட்டீங்களா?"

"வேர் வெளியே வந்திருந்துச்சுங்க" என்றாள் அக்கா.

"அப்ப மாத்த வேண்டிய நேரம்தான். எப்பங்கிறதைச் சரியா பார்த்திருக்கீங்க. எப்படிங்கிறதுலதான் கோட்டை விட்டுட்டீங்க. புதுத் தொட்டி பழசை விட ஒரு விரல் அகலம், அவ்வளவுதான். சுத்தி இத்தனை மண்ணு இருந்தா எல்லாம் ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும். இந்த வேர் எவ்வளவுதான் குடிக்கும்?"

"வளரட்டுமேன்னுதான்..."

"இறுக்கமா இருந்தாத்தான்மா இது வளரும்."

அளவுக்கு மிஞ்சினால் என்று தொடங்கும் பழமொழி எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. அக்கா முகத்தைப் பார்த்து அப்படியே விழுங்கிவிட்டேன்.

இனி ஒரே வழிதான் என்றார் அவர். அழுகலுக்கு மேலே, உள்சதை பச்சையாகத் தெரியும் இடம்வரை வெட்டவேண்டும். வெட்டிய துண்டுகளைப் பத்து நாள் நிழலில் காயவிட்டு, வெட்டுவாய் மூடியபின் பாதிக்குப் பாதி மணலும் பொடிக்கல்லும் கலந்த மண்ணில் நடவேண்டும். நட்டும் ஒரு வாரம் தண்ணீர் கூடாது. ஆயிரம் சட்டை வெட்டிய அக்காவே கத்தியை வாங்கிக்கொண்டாள். வெட்ட வெட்ட உள்ளே பழுப்பு வளையம் தெரிந்துகொண்டே இருந்தது. நாலு தடவை வெட்டியபின் மிஞ்சியது விரல் நீளத்தில் மூன்று குச்சிகள்.

அப்போது நான்தான் சொன்னேன், அங்கேயே அதே மாதிரி இன்னொரு செடி இருக்கிறது, வாங்கிப் பழைய தொட்டியில் வைத்துவிடலாம் என்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற யோசனைதான். பயத்தில் அக்காவும் தலையாட்டினாள். குச்சிகளை பீரோ மேல் செய்தித்தாளில் பரப்பினோம். புதுச் செடி ஜன்னலில் உட்கார்ந்தது. அதன் பிறகு அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பவே இல்லை, தையலும் கோணலாக விழுந்தது.

மருமகள் ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்தாள். பையை இறக்கியதும் ஜன்னலுக்குத்தான் போனாள்.

"செடி நல்லா இருக்கே அத்தை. தேங்க்ஸ்."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. அக்கா மிஷினை நிறுத்தினாள்.

"அது உன் செடி இல்லம்மா."

எல்லாவற்றையும் சொன்னாள். பெரிய தொட்டி, இரண்டு வேளைத் தண்ணீர், வெட்டியது, நான் சொன்ன யோசனை, எதையும் பூசி மெழுகவில்லை. சொல்லிவிட்டுச் செய்தித்தாளை எடுத்து அவள் முன்னால் வைத்தாள். மருமகள் ஒரு குச்சியை எடுத்து, காய்ந்த வாயைத் தடவிப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. மூன்றில் இரண்டு பிழைத்துக்கொண்டன என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அன்று எங்களுக்கு அது தெரியாது.

"அத்தை, நானும் ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லும்மா."

"நீங்க தைச்சுக் குடுத்த அஞ்சு டாப்ஸையும்... ஆபீஸ் பக்கத்துல ஒரு டெய்லர்கிட்ட குடுத்துச் சின்னதாப் பிடிச்சுக்கிட்டேன்."

எங்கள் தொழிலில் இதைவிடக் கன்னத்தில் அறைந்திருக்கலாம். அக்காவுக்கு வலித்தது, எனக்கே வலித்தது.

"எவ்வளவு பிடிச்சான்?"

"ரெண்டு பக்கமும் ஒன்றரை இஞ்சு."

அக்கா அவள் போட்டிருந்த டாப்ஸின் ஓரத்தை லேசாக மடித்து உள்தையலைப் பார்த்தாள். "நல்லாத்தான் போட்டிருக்கான்" என்றாள். பிறகு, "ஏம்மா எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க ஆசையா தைச்சீங்க. எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

அக்கா கழுத்தில் கிடந்த டேப்பை உருவினாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது, ஒன்றரை வருஷத்தில் இந்தப் பெண்ணுக்கு அவள் ஒரு தடவைகூட அளவெடுத்ததில்லை. கண்ணால் பார்த்தே தைத்துக் கொடுத்திருக்கிறாள்.

"எந்திரிச்சு நில்லு."

டேப்பை மார்பைச் சுற்றிக் கொண்டுவந்தாள். பழக்க தோஷம், விரல் இடைவெளி விட்டுத்தான் பிடித்தாள். மருமகள் குனிந்து அந்த விரலைப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் இறுக்குங்க அத்தை."

அக்கா இறுக்கினாள்.

"முப்பத்தி மூணு" என்றாள் என்னிடம். "அப்படியே எழுது. கூட்டாதே."