கஞ்சிக் கிண்ணத்தின் வாடை

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் எனக்குப் பன்னிரண்டு மணி நேர வேலை. சாப்பிட உட்காரும்போது யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்காது. தைப்பூசத்துக்கு முந்தைய வாரம், உடன் வேலை செய்யும் சீனப் பெண் மெய், எதிரே உட்கார்ந்து வெள்ளைக் கஞ்சியில் புளிக்கவைத்த தவ்ஹூ என்ற சோயாக் கட்டியைக் கரைத்தாள். சாக்கடை வாடை அடித்தது.

“என்ன கருமம் இது? அந்தப் பக்கம் போய்ச் சாப்பிடு லா!” என்று எரிந்து விழுந்தேன்.

மெய் கிண்ணத்தை மூடினாள்.

“சாரி அக்கா. இது சோயாதான், இறைச்சி இல்ல. எனக்கு விரதம் லா. தண்ணீர்மலைக் கோயிலுக்குப் பால்குடம் எடுக்கிறேன்,” என்றாள், தெரிந்த தமிழில்.

அலுப்பில் இந்த வருடம் நான் விரதமே இருக்கவில்லை. என் தட்டில் பாதி கடித்த கோழிக்கால் கிடந்தது.

அவள் எழுந்து அடுத்த மேசைக்குப் போனாள். நான் கூப்பிடவில்லை. கூப்பிடக்கூடத் தெம்பில்லை என்றுதான் இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.