ரெண்டரை இஞ்ச், பத்தாம் நம்பர்

எங்கள் வீட்டுக் கூடத்தை இரண்டாகப் பிரித்த பலகைத் தடுப்பை அடித்தது தச்சர் இல்லை, நான்தான். அப்போது பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருடம் முடித்திருந்தேன். எந்தப் பிரிவானாலும் முதல் வருடம் எல்லோரும் தச்சுப் பட்டறைக்குப் போயாக வேண்டும். நாங்கள் பெண்கள் மூன்று பேர். நாங்கள் எதையாவது அடித்து முடித்தால் பையன்கள் வரிசையாக வந்து உலுக்கிப் பார்ப்பார்கள், கழன்று வருகிறதா என்று. நான் அடித்தது கழன்று வராது. அதில் எனக்குப் பெருமை உண்டு.

கோரிப்பாளையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் எங்கள் வாடகை வீடு. அப்பா, அம்மா, நான், சித்தப்பா, சித்தி. எல்லோருக்கும் ஒரே அடுப்பு. சித்தப்பாவுக்கு மில்லில் ஷிஃப்ட் வேலை. சித்தி சோழவந்தான்காரி. ஆள் நிறைந்த வீட்டில் பிறந்தவள். கல்யாணமாகி வரும்வரை தனியாக உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை என்பாள். சித்தப்பா இரவு ஷிஃப்ட் போனால் என் தட்டுக்குப் பக்கத்தில் தன் தட்டைப் போட்டுக்கொண்டு பேசிக்கொண்டே இருப்பாள், கை காயும்வரை.

சண்டை என்னால்தான் வந்தது. பேரையூர்ப் பக்கத்திலிருந்து எனக்கு ஒரு வரன் கொண்டுவந்த சித்தப்பா, படிப்பை அத்தோடு நிறுத்திவிடலாம் என்று அவர்களுக்குத் தானாகவே வாக்குக் கொடுத்திருந்தார். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னாலேயே அப்பா, "எம்மகளுக்கு வாக்குக் குடுக்க நீ யாருடா?" என்று கேட்டுவிட்டார். அன்றோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது. ஒருவர் கூடத்தில் இருந்தால் மற்றவர் தெருவில் போய் நின்றார். கடைசியில் அப்பா, கூடத்தின் நடுவே ஒரு தடுப்பு போட்டுவிடலாம் என்றார். சித்தப்பாவும் சித்தியும் பக்கவாட்டுச் சந்து வழியாகப் போய்வருவது, சித்தி அந்தப் பக்கம் தனி அடுப்பு வைத்துக்கொள்வது என்று ஆயிற்று.

"கொஞ்ச நாளைக்குத்தான். கோவம் ஆறினா எடுத்துருவாக" என்று அம்மா சித்தியிடம் சொன்னாள்.

அப்பா, மெஷின் வந்திறங்கிய பெட்டிகளின் பழைய பலகைகளையும் சட்டங்களையும் வாங்கிவந்தார். கூடவே ஒரு பொட்டலம் ஆணி. ஒன்றரை இஞ்ச், பதினாலாம் நம்பர். ஆணியில் நம்பர் ஏற ஏறத் தடிமன் குறையும். பதினாலு என்பது காலண்டர் மாட்டுகிற மாதிரி ஒல்லி ஆணி.

எதையும் வரிசைப்படுத்திப் பார்ப்பது என் வழக்கம். பலகை முக்கால் இஞ்ச், ஆணியின் நீளம் அதைப்போல மூன்று மடங்காவது வேண்டும். சட்டம் ஒன்றரை இஞ்ச், முனை மறுபக்கம் வந்தால் மடக்கி அடிக்கலாம், பிடி இரட்டிப்பாகும். மரம் மென்மையானது, மெல்லிய ஆணி நாளடைவில் ஆடிவிடும். தடித்த ஆணி பலகையின் ஓரத்தைப் பிளக்கும், ஆகவே முதலில் சிறு துளை போட்டுக்கொள்ள வேண்டும். எல்லா ஆணியும் ஒரே ரேகையில் விழாமல் மேலும் கீழுமாக அடிக்க வேண்டும். எவ்வளவு நாள் நிற்க வேண்டும் என்பதைப் பட்டறையில் யாரும் எங்களைக் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

பொட்டலத்தைக் கோரிப்பாளையம் கடைக்கே திருப்பி எடுத்துப்போய், ரெண்டரை இஞ்ச், பத்தாம் நம்பர் கேட்டேன். கடைக்கார பாய் என்னைப் பார்த்தார், ஆணியைப் பார்த்தார்.

"எதுக்கும்மா?"

"வீட்டுக்குள்ள ஒரு மறைப்புக்கு, பாய்."

"மறைப்புக்கா? நான் யானையக் கட்டப் போறியளோன்னு நெனச்சேன்."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு ரோஷம் வந்தது. பத்தாம் நம்பரையே வாங்கிக்கொண்டு வந்தேன்.

அடிக்கிற நாளில் சித்தப்பா மில்லுக்குப் போயிருந்தார். சித்தி ஆணி ஒன்றை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தாள்.

"எம்புட்டு மொத்தம்! ஏ புள்ள, உங்கப்பா வாங்கியாந்தது இதில்லையே?"

"அது நிக்காது சித்தி."

"நிக்காட்டி என்ன? நாளைக்கு எடுக்கணும்ல. ஒப்புக்குச் சின்னதாப் போடுடி."

அவள் கேட்டது எனக்கு நன்றாகவே புரிந்தது. ஆனால் அப்பா நாற்காலியைப் போட்டுக்கொண்டு நான் அடிப்பதைப் பார்க்க உட்கார்ந்திருந்தார். என் படிப்புக்காகத் தம்பியைப் பகைத்துக்கொண்டவர் முன்னால் ஒல்லி ஆணியை அடித்து, நாளைக்கு அது ஆடினால்? "ஆடுனா அசிங்கம் சித்தி" என்றேன். அவள் ஆணியைப் பொட்டலத்திலேயே திரும்பப் போட்டாள்.

முனைகள் அவர்கள் பக்கத்தில் கால் இஞ்ச் நீட்டிக்கொண்டு வந்தன. சேலை மாட்டினால் கிழியும். அந்தப் பக்கம் போய் அவற்றை மடக்கி அடித்தேன். அப்படி அடிக்கும்போது இந்தப் பக்கம் ஆணித் தலையில் கனமாக எதையாவது அணைத்துப் பிடிக்க வேண்டும். சித்தி எங்கள் பக்கம் நின்று அம்மிக்குழவியை ஒவ்வொரு தலையிலும் வைத்து அழுத்திப் பிடித்தாள். பலகை இடுக்கில் அவள் வளையல் மட்டும் தெரிந்தது.

"பிடிச்சிருக்கியா சித்தி?"

"பிடிச்சுத்தான் இருக்கேன். நீ அடி."

தன் வீட்டை அடைக்கும் வேலைக்குத் தானே முட்டுக்கொடுத்தாள். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. மறுபடி அவள் சந்து வழியாகச் சுற்றி வந்து தன் பக்கம் நுழைந்தபோதுதான் லேசாக உறைத்தது.

அப்பா தடுப்பை இரண்டு கையாலும் உலுக்கினார். அசையவில்லை. "கல்லு மாதிரி நிக்குது" என்றார். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார், அவர்களும் உலுக்கிப் பார்த்துவிட்டு என்னைப் பாராட்டினார்கள். சித்தப்பாவின் இரவு ஷிஃப்ட் நாட்களில் அந்தப் பக்கம் ஒரு தட்டு மட்டும் தரையில் வைக்கப்படும் சத்தம் கேட்கும். நான் வேகமாகச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவேன்.

சண்டையை முடித்துவைத்தது ரேடியோ. அது எங்கள் பக்கம் இருந்தது. ஒருநாள் செய்தி ஓடிக்கொண்டிருந்தபோது தடுப்புக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

"அண்ணே, கொஞ்சம் சத்தமா வைங்க. ஒண்ணும் கேக்க மாட்டேங்குது."

 அப்பா எழுந்து சத்தத்தைக் கூட்டினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா எங்கள் வாசல் வழியாக வந்து காப்பி குடித்தார். குடித்து முடித்ததும் அப்பா, "என்னத்துக்குடா இது? எடுத்துருவோம்" என்றார். அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்த சித்தி உடனே தன் அடுப்பை அணைத்துவிட்டு, பாதி வெந்த சோற்றுப் பானையைத் துணியால் பிடித்துக்கொண்டு எங்கள் அடுக்களைக்கு வந்துவிட்டாள். கையில் விளக்குமாறோடு கூட்டி அள்ளத் தயாராக நின்றாள்.

ஆணிகள் வரவில்லை. மடக்கிய முனை ஒவ்வொன்றையும் அந்தப் பக்கம் நெம்பி நிமிர்த்த வேண்டியிருந்தது. இந்தப் பக்கம் தலைகள் மரத்துக்குள் புதைந்து போயிருந்தன. சுத்தியலின் கவையால் சித்தப்பா இழுத்த இழுப்பில் ஒரு பலகை நடுவே பிளந்தது, சுவரோடு இருந்த சட்டம் காரையைப் பெயர்த்தது.

"வீட்டுக்காரர் பாத்தா கத்துவாரே" என்றார் அப்பா.

"எவன்ணே இப்பிடி அடிச்சது?"

"எம்மகதான்."

இருவரும் சிரித்தார்கள். வெகுநாள் கழித்து அவர்கள் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான். என்னால் சிரிக்க முடியவில்லை. எதை எங்கே நெம்பினால் வரும் என்று நானும் முயன்றேன். என் கை அடித்தது என் கைக்கே மசியவில்லை. இரண்டே பலகைகள் வந்தன. இருவருக்கும் வியர்த்துக் களைத்துவிட்டது. சித்தப்பாவுக்கு ஷிஃப்ட்டுக்கு நேரமாயிற்று.

"அடுத்த வாரம் பாப்போம்ணே. நான் போறேன்."

அடுத்த வாரம் யாரும் அதைப் பேசவில்லை. வந்த பலகைகளை அப்பா திரும்பவும் பொருத்திக் காலண்டரை மாட்டினார். அவர்கள் இருவரும் முழு மனதோடுதான் சமாதானமானார்கள். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையின் உற்சாகத்துக்கு ஓர் அளவு இருந்தது. பதினாலாம் நம்பர் ஆணியாக இருந்திருந்தால் அந்த அளவுக்குள் தடுப்பு கீழே கிடந்திருக்கும். அதற்குப் பிறகு இரண்டு அடுப்பும் பழகிவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமையே சித்தி சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு சந்து வழியாகத் திரும்பிப் போனதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இப்போது நான் ஓர் அலுவலகத்தில் வரைபடம் வரைகிறேன். தடுப்பு இன்னும் நிற்கிறது. போன மாதம் சித்தி, குழம்புக் கிண்ணம் கொடுத்து வாங்க அதில் ஓர் ஓட்டை போட்டுத் தரச் சொன்னாள். சிறு வாளால் சதுரமாக அறுத்துக் கொடுத்தேன். பழக்கதோஷத்தில், சின்னக் கதவு வைத்தால் என்ன கீல், எத்தனை இஞ்ச் திருகாணி என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன். சித்தி பதறிவிட்டாள்.

"கதவும் வேணாம், ஒண்ணும் வேணாம்! நீ ஆணியத் தொட்டாலே எனக்குப் பயமா இருக்குடி."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் கருவிப் பையை மூடிக்கொண்டேன்.

சித்தப்பாவுக்கு இரவு ஷிஃப்ட் என்றால் என் தட்டை எடுத்துக்கொண்டு சந்து வழியாகச் சுற்றி அவளிடம் போய்விடுகிறேன். ஒவ்வொரு முறையும் கேட்பாள்.

"பாவம்னு வாரியா, பசின்னு வாரியா?"

பசி என்பேன். அவள் நம்புவதில்லை. தட்டை இழுத்துச் சோற்றைப் போடுகிறாள்.