கொடைக்கு லீவு கேட்டு ஒரு ஜெபம்

மிஷனரிப் படிப்புப் படிக்கிறேன் என்று சொன்னதும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "எந்த நாட்டுக்குப் போகப் போறீங்க?" என்பதுதான். நான் போன நாடு பிள்ளைப்பாக்கம். கல்லூரி வாசலில் ஷேர் ஆட்டோ பிடித்தால் அரை மணி நேரம். விசா தேவையில்லை. ஆனால் ஒரகடம் கூட்டு ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே சாலையைக் கடக்க நல்ல விசுவாசம் தேவை.

என்னைப் போல் வேதாகமக் கல்லூரியில் சேர்ந்து, அல்லது சேர்க்கப்பட்டு, அல்லல்படுகிற சகோதர சகோதரிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களும் தாராளமாகப் படிக்கலாம். முடிவில் காணிக்கைப் பை வராது.

பொருத்தனைப் பிள்ளை

நான் நாலு வயதில் மஞ்சள் காமாலையில் கிடந்தேனாம். வாலாஜாபாத்தில் எங்கள் சபையே கூடி ஜெபித்தபோது அம்மா எழுந்து நின்று, "இவன் பொழச்சா உம்ம ஊழியத்துக்கே குட்த்துடறேன்" என்று பொருத்தனை பண்ணிவிட்டார். நான் பிழைத்துவிட்டேன். இந்த ஒப்பந்தத்தில் என் கையெழுத்தை யாரும் கேட்கவில்லை. பி.காம். முடித்து, ஒரு கியர் கம்பெனியில் இரண்டு வருடம் அளவு சரிபார்க்கிற வேலையில் இருந்தபோது அம்மா ஞாபகப்படுத்தினார். எனக்கு மட்டுமல்ல, ஸ்தோத்திரப் பண்டிகை அன்று மைக்கில் ஊருக்கே ஞாபகப்படுத்தினார். அதற்கு மேல் ஓட இடமில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அம்மாவிடமிருந்து போன் வந்துவிடும். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதெல்லாம் பிறகு. "எத்தினி பேர ஆதாயம் பண்ண?" என்பதுதான், அதாவது எத்தனை பேரை இயேசுவிடம் கொண்டுவந்தாய் என்பதுதான், முதல் கேள்வி. ஒருவருமில்லை என்று ஒருமுறை உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். பிறகு பெருமூச்சோடு சொன்னார்:

"காமாலையில பூட இருந்தவன எழுப்பிக் குட்த்தாரேடா, அதுக்காச்சும் ஒர்த்தரக் காட்டக் கூடாதா?"

மூன்று கேள்விகள்

எங்கள் படிப்பிலேயே பயங்கரமான தாள் 'பண்பாடு கடந்த ஊழியம்: களப்பணி'. அதை நடத்துகிறவர் ஆபிரகாம் ஐயா. வடக்கே மலைக் கிராமங்களில் முப்பது வருடம் இருந்துவிட்டு வந்தவர். வெயிலானாலும் மழையானாலும் கையில் குடை இருக்கும். அவருடைய பரீட்சைக்குக் கேள்வித்தாளே கிடையாது. நமக்குப் பழக்கமில்லாத ஒரு கூட்டத்தோடு ஆறு மாதம் வாராவாரம் பழக வேண்டும். அதன் பிறகு நம்மைக் கூட்டிக்கொள்ளாமல் அவர் மட்டும் போய் அந்த மக்களிடம் மூன்று கேள்வி கேட்பார். அவன் பேர் என்ன? உங்களோடு இருந்து என்ன செய்தான்? அவன் திரும்ப வரணுமா? மூன்றாவதற்குப் பதில் தேறவில்லை என்றால் நாம் பெயில். இரண்டு முறை பெயிலானால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

போன வருடம் எனக்கு வடக்குப்பட்டு. ஆறு மாதம் தவறாமல் போனேன், நோட்டு நிறைய எழுதினேன். முதல் கேள்விக்கே ஒரு அம்மா என் கதையை முடித்துவிட்டார். ஐயா அந்தப் பதிலை அப்படியே எழுதிவந்து வகுப்பில் வாசித்தார்:

"ஒரு புள்ள வரும் சார். செருப்ப வெளிய வுடும், டீ குடிக்கும், கண்ண மூடும், பூடும். பேரு இன்னாவோ, பைபிள்ல வர்ற பேருதான்."

எந்த ஷிப்ட்?

ஆக, எனக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு வாய்ப்பு. இந்த முறை ஐயா கொடுத்தது, பிள்ளைப்பாக்கத்தில் வாடகை அறையில் தங்கி கம்பெனிக்குப் போகிற தெற்கத்தி ஆட்கள். "ஐயா, அவங்களும் தமிழ்தானே பேசறாங்க?" என்றேன். "போய்ப் பேசிப் பாரு" என்றார். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார். துண்டுப்பிரதி, பிரசங்கம் எதுவும் கூடாது. வெறுங்கையோடு போய் அவர்களிடம் ஏதாவது உதவி கேட்க வேண்டும், ஏனென்றால் உதவி கேட்டவனை யாரும் மறக்க மாட்டார்களாம்.

அந்த அறையில் ஆறு பேர், கட்டில் மூன்று. ஒருவர் எழுந்து வேலைக்குப் போனால் இன்னொருவர் வந்து படுப்பார், தலையணைச் சூடு ஆறவே ஆறாது. நான் தேய்த்த சட்டையோடு கதவைத் தட்டி, "அண்ணே, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்றேன். திறந்தவர் இசக்கி அண்ணன். பெயின்ட் அடிக்கிற பிரிவில் வேலை, திருநெல்வேலிப் பக்கத்து ஊர், அந்த அறைக்கு அவர் வைத்ததுதான் சட்டம். அந்த வாரம்தான் ஒருவர் காலி செய்து போயிருந்தார் போல. நான் அந்தக் கட்டிலுக்கு வந்தவன் என்று அவரே முடிவு செய்துகொண்டார். தண்ணீர் கொடுத்துவிட்டு நேர்காணலை ஆரம்பித்தார்.

"எந்த ஷிப்ட்டு?"

"ஞாயித்துக்கிழமை மதியம் மட்டும்ணே."

"மத்த நாளு?"

"படிப்பேன், ஜெபம் பண்ணுவேன்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கதவை அகலமாகத் திறந்துவிட்டார்.

"வாரத்துக்கு ஒரே ஷிப்ட்டா? அந்தக் கம்பெனில எனக்கும் ஒரு எடம் இருந்தாச் சொல்லும்வே."

குளியலறைவாசி

நான்கைந்து வாரம் போனதும் ஒன்றைக் கவனித்தேன். நான் உள்ளே நுழைந்தால் ஜெபராஜ் என்கிற தம்பி வாளியை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போவான். நான் கிளம்புகிற வரை வர மாட்டான். மதிய ஷிப்ட் போகிறவர்கள் துண்டைக் கட்டிக்கொண்டு கதவை உதைப்பார்கள். ஒரு மணி நேரம் தண்ணீர்ச் சத்தமே கேட்காது. பேரைப் பார்த்தால் நம்ம ஆள், ஆளைப் பார்க்கத்தான் வழியில்லை.

ஒருநாள் நான் முன்கூட்டியே போய்க் குளியலறை வாசலில் உட்கார்ந்துகொண்டேன். தப்ப வழியில்லாமல் அவன் எல்லாவற்றையும் சொன்னான். அவனும் பொருத்தனைப் பிள்ளை. அவனுக்கு நிமோனியாவாம். தெற்கே ஒரு வேதாகமக் கல்லூரியில் முதல் வருடப் பாதியில் சுவரேறிக் குதித்து, நேராக இங்கே பஸ் ஏறிவிட்டான். என் தோள்பையைப் பார்த்தாலே திரும்பக் கூட்டிப் போக யாரோ வந்துவிட்டார்கள் என்று அவன் கை தானாக வாளியைத் தேடுமாம். எனக்கு அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. என் கதையை நானும் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, காலி வாளியை ஆட்டிக்கொண்டே சொன்னான்:

"நான் பாதியிலயே ஓடிட்டேன். நீரு பெயிலான பொறவும் ஓடாம இருக்கீரு. நம்ம ரெண்டு பேருல எவனுக்குக் கிறுக்குன்னு உம்ம ஐயாகிட்ட கேட்டுச் சொல்லும்."

தீர்மானம் எடுத்தவர்கள்

வாராவாரம் கல்லூரிக்கு ஒரு படிவம் நிரப்பித் தர வேண்டும். சந்தித்தவர்கள், ஜெபித்தவர்கள், இயேசுவை ஏற்றுக்கொள்ளத் தீர்மானம் எடுத்தவர்கள் என்று மூன்று கட்டம். நான் அந்த அறையில் உண்மையில் செய்தது ஞாயிறு சமையல். வெங்காயம் உரித்து, சாம்பார் வைத்து, மதிய ஷிப்ட் ஆட்களைச் சாப்பிட வைத்து அனுப்புவேன். கடைசிக் கட்டத்தைக் காலியாக விட மனசு வராமல், ஒரு வாரம் 'இசக்கி அண்ணன் பீடியை விடத் தீர்மானித்தார்' என்று எழுதினேன். அடுத்த வாரம் 'மீண்டும் பிடிக்கத் தீர்மானித்தார்' என்று எழுத வேண்டியதாயிற்று.

சாப்பாட்டுக்கு முன் ஒரு நிமிடம் ஜெபிக்க மட்டும் அனுமதி இருந்தது. உடல்நலமில்லாத எல்லோரையும் நினைத்து நான் ஜெபித்து முடித்த ஒருநாள், இசக்கி அண்ணன் கரண்டியால் குழம்பைக் கிளறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இந்தச் சாம்பாரையும் ஜெபத்துல சேத்துக்கிடும்வே, அதுக்கும் ரொம்ப முடியாமத்தான் இருக்கு."

காரணம் தேவரீர் அறிவீர்

ஐந்தாவது மாதம் ஒரு ஞாயிறு இசக்கி அண்ணன் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். ஊரில் அவர்கள் குடும்பத்து இசக்கியம்மன் கோவில் கொடை, வருடாவருடம் கிடா வெட்டிக் கொண்டாடுகிற திருவிழா. இரண்டு வருடமாகப் போகவில்லை. அப்பா இறந்த பிறகு முன்னால் நிற்க வேண்டியவர் இவர்தான். சூப்பர்வைசர் லீவு முடியாது என்றுவிட்டார். சட்டென்று என் பக்கம் திரும்பி, "எல்லாத்துக்கும் ஜெபம் பண்ணுதீரே, என் லீவுக்கு ஒண்ணு பண்ணும்" என்றார்.

நண்பர்களே, என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். இயேசுவிடம் லீவு வாங்கி அம்மன் கொடைக்கு ஆள் அனுப்பச் சொல்கிறார். 'விக்கிரகங்களுக்குப் படைத்ததை உண்ணலாமா, விளக்குக' என்ற பத்து மார்க் கேள்விக்கு எட்டு மார்க் வாங்கியவன் நான். இந்தக் கேள்வி எந்தப் பாடத்திலும் வரவில்லை. ஐயாவுக்குத் தெரிந்தால் பெயில், அம்மாவுக்குத் தெரிந்தால் காமாலையே தேவலை. ஆனால் அந்த மனிதர் கண்ணில் தண்ணீர் நின்றுகொண்டிருந்தது. "லீவுதானே கேக்காரு, உமக்கு என்ன?" என்று ஜெபராஜ் வேறு இடித்தான். கண்ணை மூடினேன். "ஆண்டவரே, இந்தச் சகோதரனுக்கு நாலு நாள் லீவு கிடைக்கும்படி சூப்பர்வைசரின் இருதயத்தை இளகப் பண்ணும். காரணம் தேவரீர் அறிவீர். ஆமென்." கண்ணைத் திறந்தால் இசக்கி அண்ணனுக்குத் திருப்தியில்லை.

"காரணத்தையும் வெளிப்படையாச் சொல்லிரும்வே. பொறவு, தெரியாமக் குடுத்துட்டேன்னு உம்ம ஆண்டவரு சொல்லப்பிடாது."

ஐயா போன ஞாயிறு

காரணத்தையும் சொன்னேன். திங்கட்கிழமை லீவு கிடைத்துவிட்டது. அடுத்த ஞாயிறு, இரவு ஷிப்டிலிருந்து மாற்றம் வேண்டி வேறு அறைக்காரர்கள் இரண்டு பேர் எனக்காக மாடிப்படியில் காத்திருந்தார்கள். அது போகட்டும். கொடை அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. இசக்கி அண்ணன் ஊரிலிருந்து திரும்புகிற அதே ஞாயிற்றுக்கிழமைதான் ஆபிரகாம் ஐயா அறைக்குப் போவதாகச் சொன்னார். கொஞ்சம் அடக்கி வாசிக்கச் சொல்லலாம் என்று காலையிலிருந்து அண்ணனுக்குப் போன் அடித்தேன். போனை எடுக்கவே இல்லை, பஸ்ஸில் வந்த களைப்பில் தூங்கிக்கொண்டிருந்தார்.

கல்லூரியில் இருக்க முடியாமல், பிள்ளைப்பாக்கம் பஸ் நிறுத்தத்து டீக்கடையில் போய் உட்கார்ந்தேன். ஜெபராஜ் குளியலறைக்குள்ளிருந்து போனில் கிசுகிசுத்தான். "பேரு கேட்டாரு. சாமுவேல்னு எல்லாரும் ஒண்ணாச் சொல்லிட்டாவ." எனக்கு உயிர் வந்தது. "என்ன செஞ்சாருன்னு கேக்காரு. வே, இசக்கி அண்ணன் எல்லாத்தையும் சொல்லுதாரு. லீவு, கொடை, கிடா, ஒண்ணு விடாம..." அத்தோடு போன் அணைந்துவிட்டது. அம்மாவிடம் என்ன சொல்வது என்று யோசிக்க ஆரம்பித்தேன். சபையில் மைக் பிடித்த அம்மா, மகன் பெட்டியோடு வந்து நின்றால் எந்த முகத்தோடு ஆராதனைக்குப் போவார்? வாங்கிய டீயைக் குடிக்க முடியவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்து ஐயா வந்தார். ஒரு கையில் குடை, இன்னொரு கையில் எவர்சில்வர் டப்பா. என்னை அங்கே பார்த்ததில் அவருக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து டீ சொன்னார். "திரும்ப வரணுமான்னு கேட்டேன். அந்த இசக்கி பதிலே சொல்லல. உள்ள போய் இத எடுத்துட்டு வந்து என் கையில வெச்சார். கிடாக்கறி. சுண்ட வறுத்து ஊர்ல இருந்து கொண்டாந்திருக்கார். கோவில் வரி கட்டுற குடும்பங்களுக்கு மட்டும்தான் பங்கு உண்டாம். இந்த வருசம் உன் பேருக்கு அவரே வரி கட்டியிருக்கார்" என்றார். வடக்குப்பட்டில் பேரே இல்லாத ஒருவனுக்கு, பார்த்தேயிராத ஒரு ஊரில் பங்கு விழுந்திருக்கிறது. "பாஸ்" என்றார் ஐயா. "ஆனா இனிமே படிவத்துல, ஜெபித்தேன்னு எழுதினா எதுக்குன்னும் சேர்த்து எழுது."

அழுகையை அடக்கிக்கொண்டு, "ஐயா, இத நான் சாப்பிடலாமா?" என்று கேட்டேன். "எட்டு மார்க் வாங்கினவன் நீதானே?" என்று சொல்லிவிட்டு டீயை ஆற்ற ஆரம்பித்தார். டப்பாவைத் திறந்தேன். ஒரு ஓரம் காலியாக இருந்தது. நான் நிமிர்ந்து பார்த்தபோது ஐயா சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காரம் கொஞ்சம் ஜாஸ்திப்பா. தண்ணி பக்கத்துல வெச்சுக்கோ."

ஆபிரகாம் ஐயா எனக்குப் போட்டது ஐம்பத்திரண்டு மார்க்; மேலே இருக்கிறவர் எவ்வளவு போட்டார் என்பதுதான் இன்னும் வெளியாகவில்லை.