நன்றாக ஆடியதால் வெளியே

ஜார்ஜியா மாநிலத்து மேக்கன் நகரில், ஏ.சி. பழுதுபார்க்கும் கம்பெனி ஒன்றில் ஃபோன் எடுக்கிற வேலை லூயேன் ஹைட்டவருக்கு. ஜூலை வெயிலில் ஏ.சி. நின்றுபோனவர்கள் பேசும் பேச்சையெல்லாம் வாங்கிக்கொண்டு, முகம் சுளிக்காமல் பதில் சொல்வாள். இன்றைக்கு ஆள் வரமாட்டார் என்றால், "வரமாட்டாருங்க, நாளைக்குத்தான்" என்று உள்ளதைச் சொல்லிவிடுவாள். அதற்கும் தனியாகத் திட்டு விழும். ஐம்பத்தாறு வயது, குள்ளம், கொஞ்சம் பூசின உடம்பு. கணவன் வெண்டல் மரக்கடையில் லாரி ஓட்டுகிறான்.

அவளை டென்னிஸுக்கு இழுத்துவந்தது கோரின் ஸ்டேலி. பெண்கள் லீக்கில் கோரினின் அணிக்கு 'பேஸ்லைன் பேய்கள்' என்று பெயர். ஒருமுறை ஆள் குறைந்தது. "சும்மா மட்டையைப் பிடிச்சிக்கிட்டு நில்லு கண்ணு, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்று கோரின் கூட்டிப்போனாள். நிற்கப்போனவள் அங்கேயே தங்கிவிட்டாள். இரட்டையர் ஆட்டத்தில் கோரினும் அவளும்தான் ஜோடி. வியாழக்கிழமை ஆட்டம், ஆட்டம் முடிந்ததும் மெக்சிகன் ஓட்டல், சிப்ஸ், தொட்டுக்கொள்ள சல்சா, குடிக்க மார்கரிட்டா. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளுக்கு அப்படியொரு கூட்டம் வாய்த்ததில்லை.

அந்த லீக்கில் ஆடுகிற ஒவ்வொருத்திக்கும் ஒரு தர எண் உண்டு. இரண்டரை, மூன்று, மூன்றரை, நான்கு என்று ஏறிக்கொண்டே போகும். மூன்று என்றால் மூன்றுகளோடுதான் ஆடலாம். ஆட்டத்தின் ஸ்கோரையெல்லாம் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு வருடக் கடைசியில் ஆளை ஏற்றும், அல்லது இறக்கும். லூயேன் எப்போதும் மூன்றுதான். அதில் அவளுக்கு வருத்தம் ஒன்றுமில்லை.

ஒரு வருடம், பருவத்தின் கடைசி ஆட்டம் வார்னர் ராபின்ஸ் அணியோடு. முதல் செட்டிலேயே லூயேனின் வலது தோளில் ஏதோ சுருக்கென்றது. கோரினுக்கோ அன்றைக்கு சர்வ் சரியாக விழவே இல்லை. இரண்டு வாய்ப்பும் வீணாகி, டபுள் ஃபால்ட் மேல் டபுள் ஃபால்ட். ஜோடி திணறுகிறதே என்று லூயேன் அவளுக்கும் சேர்த்து ஓடினாள், பல்லைக் கடித்துக்கொண்டு ஓங்கி அடித்தாள். மூன்றாவது செட்டில் கை மேலே எழும்பவே இல்லை. தோற்றார்கள். தோளில் தசைநார் கிழிந்திருந்தது. ஆபரேஷன் செய்தும் சரியாக ஒட்டவில்லை என்று இன்னொருமுறை செய்தார்கள். பார்க்க வந்த கோரினிடம், "சர்வ் போனதை நினைச்சு வருத்தப்படாதே, எல்லாருக்கும் வர்றதுதான்" என்று ஆறுதல் சொன்னதும் லூயேன்தான்.

நான்கு வருடம் அவள் லீக் பக்கம் போகவில்லை. ஆனால் மட்டையை விடவும் இல்லை. வீட்டுக்குப் பக்கத்து பாப்டிஸ்ட் சர்ச்சின் பின்சுவரில் பந்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். வலது கையால் பழையபடி ஓங்க முடியாது. அதனால் இரண்டு கையாலும் பிடித்து அடிக்கப் பழகினாள். பலத்துக்குப் பதிலாகப் பந்து விழவேண்டிய இடத்தைப் பார்த்தாள். சுவரில் சாக்பீஸால் வட்டம் போட்டு அதிலேயே அடித்தாள். "சுவர்தான் ஜெயிக்கும் பாரு" என்று வெண்டல் கிண்டல் செய்வான்.

திரும்பி வந்தபோது பழைய தர எண் காலாவதியாகியிருந்தது. தன் தரத்தைத் தானே சொல்லிச் சேர வேண்டும். "மூணுன்னே போடு" என்றாள் கோரின். அவளுக்கும் அப்படித்தான் பட்டது. கிழிந்த தோளோடு வருகிறவள் வேறு என்னவாக இருப்பாள்?

முதல் ஆட்டத்தை ஆறு கேமுக்கு ஒன்று, ஆறுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தார்கள். லூயேனுக்கே நம்பமுடியவில்லை. அடுத்ததும் அப்படியே. எதிர்ப்பக்கத்துப் பெண்களின் முகம் தொங்கிப்போனது. "ஒரு நாலு கேம் விட்டுக் குடு கண்ணு, பாவம்" என்று தண்ணீர் குடிக்கும்போது கோரின் காதோரம் சொன்னாள். இளகின மனசு இவளுக்கு என்று லூயேன் நினைத்துக்கொண்டாள். ஆனாலும் பந்து வந்தால் அடிக்காமல் இருக்க அவளுக்குத் தெரியவில்லை. அணி முதலிடத்துக்கு வந்தது. மாநிலப் போட்டிக்கு ஓட்டல் அறைகூடப் பார்த்துவிட்டார்கள்.

ஒரு திங்கட்கிழமை, வேலையில் இருக்கும்போது லீக்கிலிருந்து மின்னஞ்சல் வந்தது. லூயேன் ஹைட்டவரின் ஆட்டம் மூன்றாம் தரத்தின் எல்லையை மூன்று முறை தாண்டிவிட்டது. தரத்தைக் குறைத்துச் சொல்லிச் சேர்ந்ததாகக் கருதி அவள் தகுதி நீக்கம் செய்யப்படுகிறாள். ஜெயித்த ஆட்டங்கள் எல்லாம் தோல்வியாகக் கணக்கில் வரும். ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கத் தோன்றவில்லை. அன்று மாலை வெண்டல் அதை இரண்டு தடவை படித்தான்.

"அப்போ நல்லா ஆடினதுக்குத் தண்டனையா?"

"ஏமாத்திட்டேன்னு சொல்றாங்க வெண்டல்."

"நீயா? ஏ.சி. ஆள் வரமாட்டான்னு வாடிக்கையாளர்கிட்டயே சொல்ற ஆளு நீ!"

அணி முதலிடத்திலிருந்து நான்காவது இடத்துக்கு இறங்கிவிட்டது. வியாழக்கிழமை அவள் மெக்சிகன் ஓட்டலுக்குப் போனாள், மன்னிப்புக் கேட்க. எல்லோரும் வழக்கமான மேசையில் இருந்தார்கள். யாரும் நகர்ந்து இடம்விடவில்லை. பக்கத்து மேசையிலிருந்து ஒரு நாற்காலியை அவளே இழுத்துப்போட்டுக்கொண்டாள்.

"எல்லாரும் என்னை மன்னிச்சிடுங்க. சத்தியமா எனக்கு இப்படி ஆகும்னு தெரியாது."

கோரின் சிப்ஸை சல்சாவில் தோய்த்தாள். "தெரியாதா? எத்தனை தடவை சொன்னேன்? நாலு கேம் விட்டுக் குடுன்னு காதுலயே ஓதினேனே!"

"அவங்களைப் பாத்து இரக்கப்பட்டுச் சொல்றேன்னு நினைச்சேன்."

மேசை முழுக்கச் சிரிப்பு. "இரக்கமா? இவளுக்கா?" என்றாள் வாண்டா. அணியில் மூத்தவள், வாய்க்குப் பூட்டில்லாதவள். "முழங்கால்ல பட்டை கட்டிக்கிட்டு வந்தவளுக்கே வலைக்குப் பக்கத்துல பந்தை மெத்துன்னு போட்டு ஓடவிட்டவ இவ!"

லூயேன் சிரிக்கவில்லை. "அப்போ நீங்க எல்லாரும்..."

"ஜெயிக்கணும், ஆனா அள்ளிக் குவிக்கக் கூடாது" என்றாள் வாண்டா. "ஆறு-நாலு, ஆறு-நாலு. அப்போதான் கம்ப்யூட்டர் மேல தூக்காது. தேவையில்லாத ஆட்டத்துல தோத்துக்கணும். எல்லா டீமும் பண்றதுதான்டி. இன்னிக்குத்தான் பொறந்த மாதிரி முழிக்கிறியே! உன் தோள் போச்சே, அந்த மேட்ச்சுல கூட..."

மேசைக்கு அடியில் கோரினின் கால் நகர்ந்தது. வாண்டா டம்ளரை எடுத்துக்கொண்டாள்.

"அந்த மேட்ச்சுல கூட?" என்றாள் லூயேன்.

பணிப்பெண் வந்து இன்னும் சிப்ஸ் வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

"கோரின், அன்னிக்கு உன் சர்வ்..."

"அது ஒண்ணுக்கும் ஆகாத மேட்ச், கண்ணு. ஜெயிச்சாலும் நமக்கு எதுவும் கிடைக்காது. ஜெயிச்சிருந்தா ரெண்டு பேரையும் மூணரைக்குத் தூக்கியிருப்பாங்க. அங்க போய் யார்கிட்ட அடி வாங்குறது?" கோரின் அவளைப் பார்க்காமலே சொன்னாள். "நீ அப்படி ஓடுவேன்னு நான் கண்டேனா? விடு விடுன்னு சொன்னேன். நீதான் விடவே இல்ல."

விடு என்று அவள் சொன்னது லூயேனுக்கு ஞாபகம் இருந்தது. போன பந்தை நினைத்துக் கவலைப்படாதே என்பதாக அன்றைக்கு அவள் எடுத்துக்கொண்டிருந்தாள்.

எழுந்து வந்துவிட்டாள். காரில் ஏறி உட்கார்ந்தவளுக்குச் சாவியை எதில் போடுவதென்று கொஞ்சநேரம் பிடிபடவில்லை. இரண்டு ஆபரேஷன். கட்டோடு உட்கார்ந்தே தூங்கிய மாதங்கள். தலைவாரிவிடத் தெரியாமல் வெண்டல் சீப்பை வைத்துக்கொண்டு நின்றது. தோற்பதற்கென்று இறங்கியவளைக் காப்பாற்ற, இவள் தோளைக் கிழித்துக்கொண்டிருக்கிறாள். அழுகைகூட வரவில்லை. வாய் திறந்தபடி, ஓட்டல் கண்ணாடிக்குள் தெரிந்த அந்த மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே மறுபடி சிரிக்க ஆரம்பித்திருந்தார்கள்.

புகார் கொடு என்றான் வெண்டல். அவள் கொடுக்கவில்லை. ஏன் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

மூன்றரையில் ஒரு அணி அவளைச் சேர்த்துக்கொண்டது. ஜோடி ஒஃபீலியா பாக்கா என்ற நர்ஸ், கடுகடுப்பானவள். அங்கே லூயேனுக்கு நல்ல அடி. தொடர்ந்து தோற்றாள். முதல் ஆட்டத்தில் ஒஃபீலியா பந்தை வலையில் அடித்ததும், லூயேன் யோசிக்காமல் கேட்டுவிட்டாள்: "வேணும்னு அடிச்சியா?"

"என்னது?" ஒஃபீலியாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "நைட் டூட்டி முடிச்சிட்டு நேரா வந்திருக்கேன். வேணும்னு தோக்கறதா இருந்தா வீட்டுல தூங்கியிருப்பேன்!"

லூயேனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல வாரங்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு. செப்டம்பரில் இருவரும் ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்தார்கள்.

வருடக் கடைசியில் கோரின் ஃபோன் செய்தாள். "இத்தனை தோத்திருக்கே. அப்பீல் பண்ணினா கீழ இறக்கிடுவாங்க. திரும்பி வந்துடு கண்ணு, உன் இடம் அப்படியே இருக்கு."

"அதெல்லாம் நிஜமாவே தோத்தது, கோரின்."

"யாரு இல்லேன்னா? அதைத்தான் நானும் சொல்றேன்."

அவளுக்குப் புரியவே இல்லை என்பது லூயேனை மறுபடி ஒருமுறை உலுக்கியது. "வேண்டாம்" என்று மட்டும் சொன்னாள்.

"சரி. வியாழக்கிழமை சாப்பிடவாவது வருவியா?"

"தெரியலை."

அந்த வியாழக்கிழமை அவள் போகவில்லை. வசந்தத்தில் வாண்டாவின் பிறந்தநாளுக்குக் கூப்பிட்டார்கள், போனாள். கோரின் உட்கார்ந்த பக்கம் உட்காரவில்லை. மற்றவர்கள் பேரப்பிள்ளைகளைப் பற்றியும் வீட்டு வரியைப் பற்றியும் பேசினார்கள். கேக் வெட்டியதும் ஒரு துண்டைக் காகிதத் தட்டில் வெண்டலுக்கு எடுத்துக்கொண்டு சீக்கிரமே கிளம்பிவிட்டாள்.