இறாலின் குடலும் எங்கட மைக்கும்

மைக் கொண்டு ஓடுவதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்கிறவர்கள், கேள்வி நேரத்தில் ஒரு மண்டபத்தைக் குறுக்கும் மறுக்குமாக ஓடிப் பார்க்க வேண்டும். ஓடினவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஏ.எல். சோதனை எனக்குச் சரிவரவில்லை. சும்மா வீட்டில் இருக்காதே என்று மாமா தன்னுடைய சவுண்ட் சேர்விசில் சேர்த்துவிட்டார். கலியாணம், கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம் எல்லாம் பார்த்தாச்சு. கடைசியாக வந்தது, திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்த ஹோட்டலில் விஞ்ஞானிகள் மாநாடு.

கிருமிச் சாத்திரம்

வயர் இழுக்கிற நேரத்தில் சுபா அக்காவிடம் இது என்ன மாநாடு என்று கேட்டேன். அவ சாம்பல்தீவு ஊர் ஆள், பல்கலைக்கழகத்தில் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறவ, மாநாட்டில் பேச வந்திருந்தா. “குடலுக்குள்ள கோடிக்கணக்கில கிருமி குடியிருக்கு. எல்லாம் கெட்டதில்லை. எது கூடுது, எது குறையுது எண்டு பார்த்தா, நோய் வர முன்னமே சொல்லலாம்” என்றா. மனிதக் குடல், மாட்டுக் குடல், வயல் மண் என்று ஆளுக்கொன்று பிடித்திருக்கிறார்கள். அக்கா பிடித்தது இறாலின் குடல்.

அப்படியென்றால் மாமாவுக்கு நாளைக்கு வயிறு குழம்புமா என்று சொல்லுங்கோ என்றேன். தேத்தண்ணி மேசைப் பக்கம் றோலைக் கடித்துக்கொண்டு நின்ற மாமா திரும்பிப் பார்த்தார்.

“அதுக்கேன் கிருமி? நான் எத்தினை றோல் தின்னுறன் எண்டு பார்த்தாப் போதுமே.”

கேள்வி இல்லாத கேள்வி

மாமாவின் சட்டம் ஒன்று இருக்கு. மைக்கை ஆரின் கையிலும் குடுக்காதே, நீயே பிடி. விஞ்ஞானிகள்தானே, கட்சிக்காரர் மாதிரி இருக்கமாட்டார்கள் என்று நினைத்து முன்வரிசையில் ஒரு கண்ணாடிக்காரரிடம் குடுத்துவிட்டேன். “இது கேள்வியில்லை, ஒரு கருத்து” என்று தொடங்கினார். தன்னுடைய ஆராய்ச்சியை முதலிலிருந்து சொன்னார். நான் கையை நீட்டினேன், மைக்கை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர் என் பக்கம் குனிந்தார்.

“தங்கச்சி, பற்றரியைக் கழட்ட ஏலாதா?”

கடைசிக் கதிரை

எங்கட சவுண்ட் மிக்சருக்குப் பக்கத்தில், கடைசிக் கதிரையில் ரபீக் நானா. வயதில் மூத்த முஸ்லிம் ஆட்களை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். மூதூரில் இறால் குளம் வைத்திருக்கிறார். சுபா அக்கா ஆராய்ச்சிக்கு இறால் எடுத்த குளங்களில் அவருடையதும் ஒன்று. பக்கத்து ஊரில் இறால் சாகத் தொடங்கியிருக்கு. இவருடையது இன்னும் பாதி வளர்த்திதான். இப்பவே பிடித்தால் சின்ன இறாலுக்கு விலை இல்லை. விட்டுவைத்து நோய் வந்தால் குளமே போய்விடும். போன முறை அப்படித்தான் போனது. பிடிக்கிறதா, விடுகிறதா என்று கேட்கத்தான் வந்திருந்தார்.

அக்கா இங்கிலிஷில் பேசினா. திரையில் பச்சைப் புள்ளிகள், நடுவில் ஒரு சிவப்பு. அக்கா மூதூர் என்று சொல்லிக் காட்டின அந்தச் சிவப்பு ரபீக் நானாவின் குளம் என்று எனக்கே விளங்கியது. அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சிவப்பெண்டா நல்லதா, கூடாதா மகள்?”

கடைசிக் கேள்வி

நானா கையை உயர்த்தியபடியே இருந்தார். மேடையில் இருந்த கூட்டத் தலைவரின் கண் முன்வரிசையைத் தாண்டவில்லை. “கடைசிக் கேள்வி” என்று கண்ணாடிக்காரரைக் காட்டினார். எனக்குப் பொறுமை போய்விட்டது. நேரே பின்னுக்கு நடந்து, சட்டப்படி நானே மைக்கைப் பிடித்து, நானாவின் வாய்க்கு நீட்டினேன். அவர் கேட்டது இவ்வளவுதான்: “புடிக்கட்டா, விடட்டா?”

ஒரு பேராசிரியர் இது நிகழ்தகவு மட்டுமே என்றார். இன்னொருவர் தரவு போதாது என்றார். மூன்றாமவர் பல காரணிகள் இருக்கு என்றார். சுபா அக்கா ஒவ்வொன்றையும் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தா. மூன்றாவதோடு நிறுத்திவிட்டா. அவவுக்குப் பட்டம் குடுக்க வேண்டிய ஆட்களெல்லாம் முன்னுக்கு இருக்கினம். அவர்களைப் பார்க்காமல், நேரே நானாவைப் பார்த்தா.

“நான் சொல்றது பிழையாவும் போகலாம் நானா. ஆனா என்ர குளமெண்டா நாளைக்கே பிடிச்சிடுவன்.”

பிறகு

மூதூரில் ஒரு கலியாண வீட்டுக்கு ஸ்பீக்கர் பெட்டி கட்டப் போன இடத்தில் ரபீக் நானாவைக் கண்டேன். பிடித்துவிட்டாராம். சின்ன இறால், விலை மட்டம். பிடிக்காமல் விட்டுவைத்த பக்கத்துக் குளத்தில் நோய் வரவேயில்லை, அதன் சொந்தக்காரர் பெரிய இறாலாகப் பிடித்தார். எனக்கு முகம் கறுத்துப்போனது. அக்காவில் கோபம் இல்லையா என்று நேரே கேட்டேன்.

“எண்ட குளத்துக்கு வந்திருக்குமா இல்லையா எண்டு இனி ஆருக்குத் தெரியும் மகள்? அண்டைக்கு ராவு நிம்மதியா நித்திரை கொண்டன். அடுத்த முறையும் அந்தப் புள்ளையத்தான் கேப்பன். மத்த ஆக்கள் பிழையா எண்டாலும் ஒண்டு சொன்னவங்களா?”

எனக்கு நிச்சயமாக முன்கூட்டிச் சொல்லத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: கையில் குடுத்த மைக் திரும்பி வராது.